போன புயலின் நீர்மட்டத்தைக் குறித்து வையுங்கள்: கடலோர நகர நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

கடலோர நகரங்களின் ஆணையர்கள், பொறியாளர்கள், நகரமைப்பு அலுவலர்கள், துறைமுகப் பொறுப்பாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

புயல் கரையைக் கடந்த மறுநாள் உங்கள் அலுவலகங்களில் என்ன நடக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். விழுந்த மரங்களை அகற்ற வேண்டும், மின்சாரத்தை மீட்க வேண்டும், குடிநீர் லாரிகளை அனுப்ப வேண்டும், முகாம்களுக்கு உணவு போக வேண்டும். இவற்றில் எதையும் தள்ளிப்போட முடியாது. அதே நாட்களில் இன்னொன்று யாரும் கவனிக்காமல் அழிந்துகொண்டிருக்கிறது. கடல்நீர் ஒவ்வொரு தெருவிலும் எந்த உயரம் வரை ஏறியது என்பதற்கான தடயம்தான் அது. நீர் வடிந்ததும் வீட்டுக்காரர் முதலில் சுவரைக் கழுவுகிறார். அடுத்த மழை வேலிகளில் சிக்கிய குப்பையை இழுத்துக்கொண்டு போகிறது. பத்தாம் நாள் வெள்ளையடிப்பு தொடங்கிவிடுகிறது. அதன் பிறகு மிஞ்சுவது ஆட்களின் நினைவு மட்டுமே. "இடுப்பளவு", "ஆளுயரம்", "ஜன்னல் வரைக்கும்" என்ற சொற்களைக் கொண்டு எந்தப் பொறியாளரும் தடுப்புச்சுவர் கட்ட முடியாது.

நாங்கள் கேட்பது இரண்டே வேலைகள். ஒன்று, ஒவ்வொரு புயலுக்கும் பிறகு முதல் பத்து நாட்களுக்குள் நீர்மட்டத் தடயங்களைக் குறித்து, ஒரு மாதத்துக்குள் அவற்றின் உயரத்தை முறைப்படி அளந்து பதியுங்கள். இரண்டு, ஆவணக் கிடங்குகளில் தூங்கும் பழைய புயல்களையும் தேடியெடுத்து, அதே அளவுகோலுக்குக் கொண்டுவந்து, அதே பதிவேட்டில் சேருங்கள். இரண்டுக்கும் பெரிய கருவிகள் தேவையில்லை. பொறுப்பான ஓர் அலுவலரும், முன்கூட்டியே எழுதிவைத்த ஓர் ஆணையும், அளவைப் பிரிவில் ஒரு குழுவும் போதும்.

இதைச் செய்யாததன் விலை என்ன என்பதைப் பழைய புயல்களே காட்டுகின்றன. அமெரிக்காவின் டெக்சாஸ் கரையில் இந்தியனோலா என்ற துறைமுக ஊரை 1875-இலும் 1886-இலும் இரண்டு புயல்கள் அழித்தன. மக்கள் ஊரையே கைவிட்டனர். அதே கரையில் இருந்த கால்வெஸ்டன் நகரில் கடல் தடுப்புச்சுவர் கட்டும் பேச்சு எழுந்தது. 1891-இல் அங்கிருந்த வானிலை அதிகாரி ஐசக் கிளைன், பெரும் புயல் நகரைக் கடுமையாகச் சேதப்படுத்தும் என்று அஞ்சுவது வீண் என்ற பொருளில் செய்தித்தாளில் எழுதினார். நகரின் மிக உயர்ந்த இடமே கடல்மட்டத்திலிருந்து 2.7 மீட்டர்தான். 1900 செப்டம்பர் 8 அன்று நீர் நாலரை மீட்டருக்கு மேல் ஏறியது. குறைந்தது 6,000 பேர் இறந்தனர். பரவலாகச் சொல்லப்படும் கணக்கு 8,000. அதற்குப் பிறகுதான் 5.2 மீட்டர் உயரச் சுவர் எழுந்தது. ஈராயிரத்துக்கு மேற்பட்ட கட்டடங்களை ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் மணல் நிரப்பி நகரின் தரையையே உயர்த்தினார்கள். அண்டை ஊரின் அழிவு கால்வெஸ்டனில் எல்லோருக்கும் தெரிந்த செய்திதான். ஆனால் அங்கே ஏறிய நீர் இங்கே ஏறினால் எந்தத் தெரு வரை வரும் என்று கோடு போட்டுக் காட்டும் பதிவு நகர நிர்வாகத்தின் மேசையில் இல்லை.

வங்கக் கரையில் இதைவிட வருத்தமான ஓர் உதாரணம் உண்டு. 'சைக்ளோன்' என்ற சொல்லை உருவாக்கிய ஹென்றி பிடிங்டன், சுந்தரவனப் பகுதியில் மாத்லா ஆற்றங்கரையில் புதுத் துறைமுகம் கட்டும் திட்டத்தை எதிர்த்து, 1853-இல் அன்றைய தலைமை ஆளுநர் டல்ஹௌசிக்கு ஒரு மடல் எழுதினார். பல ஆண்டுகளாகக் கப்பல் குறிப்பேடுகளிலிருந்து திரட்டிய புயல் பதிவுகளை வைத்து, புயலோடு எழும் கடல்நீர் அந்த இடத்தை ஒருநாள் மூழ்கடிக்கும் என்று எச்சரித்தார். போர்ட் கேனிங் துறைமுகம் எழுந்தது. 1867-இல் புயல் வந்தது. சில ஆண்டுகளில் துறைமுகம் கைவிடப்பட்டது. பதிவுகள் இருந்தன, படிக்கத் தெரிந்தவர் இருந்தார், எழுதியும் அனுப்பினார். கேட்கும் கடமை மட்டும் யாருடைய பொறுப்பிலும் இல்லை.

இனி வேலைக்கு வருவோம். நீர்மட்டத் தடயம் எடுப்பது எளிது போலத் தோன்றும். தப்பாக எடுப்பதும் அதே அளவுக்கு எளிது.

இருவர் கொண்ட குழு போதும். மெழுகுப் பென்சில், அழியாத மை பேனா, 5 மீட்டர் எஃகு நாடா, ரசமட்டம், ஆணியும் வாஷரும், எண்ணிட்ட வில்லைகள், கைபேசிக் கேமரா, அச்சிட்ட படிவம், நீரின் உப்பு அளக்கும் சிறு மின்கடத்து அளவி ஆகியவை கையில் இருக்க வேண்டும். கரைக்குச் செங்குத்தாக, ஐந்நூறு மீட்டருக்கு ஒரு வரிசையாக, கடலிலிருந்து நீர் நின்றுபோன இடம் வரை நடக்கும்படி பாதைகளைப் புயல் காலத்துக்கு முன்பே வரைந்துவையுங்கள். கழிமுகங்களின் இரு கரைகளிலும், கால்வாய்கள் கடலில் சேரும் இடங்களிலும் நெருக்கமாக வையுங்கள்.

தடயத்தைக் கட்டடத்தின் உள்ளே தேடுங்கள். கடலைப் பார்த்த வெளிச்சுவரில் தெரியும் கோடு, நின்ற நீரின் மட்டம் இல்லை. அதன்மேல் அலை அடித்த உயரமும் சேர்ந்தது. பூட்டிய அறை, மாடிப்படியின் அடி, பீரோவின் பின்புறம், மின்மீட்டர் பெட்டியின் உட்பக்கம் ஆகியவற்றில் நீர் அலையில்லாமல் மெல்ல ஏறி நின்றிருக்கும். அங்கே கிடைக்கும் கோடுதான் நம்பகமானது. வெளியே அலை தொட்ட உயரமும் வேண்டிய தகவல்தான், ஆனால் அதைத் தனிப் பத்தியில் எழுதுங்கள். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் இரண்டுமே பாழ்.

சுவரில் பல கோடுகள் இருக்கும். மிகக் கருப்பாக, தடித்துத் தெரிவது பெரும்பாலும் உச்ச மட்டமாக இருக்காது. நீர் வடியும்போது வெகுநேரம் தங்கி நின்ற மட்டம் அது. உச்சத்தில் நீர் சில நிமிடங்களே நிற்கும். அது விட்டுச்செல்வது மெல்லிய வரி. புல்விதை, உமி போன்ற துகள், நுண் சேறு, எண்ணெய்ப் படலம் ஆகியவை ஒரே நேர்கோட்டில் ஒட்டியிருக்கும். அதைத்தான் தேட வேண்டும். அதற்கும் மேலே ஈரக்கறை ஒன்று ஏறியிருக்கும். செங்கல்லும் பூச்சும் நீரை உறிஞ்சி மேலே இழுக்கும்; ஒரு சாண், சில சுவர்களில் முழங்கை அளவுக்கும் போகும். ஈரக்கறையின் விளிம்பு மேடும் பள்ளமுமாக, மங்கலாக இருக்கும். அதில் சேறோ விதையோ இருக்காது. சந்தேகம் வந்தால் நீரை உறிஞ்சாத பரப்புக்குப் போங்கள். கண்ணாடி, ஓடு, பெயிண்ட் அடித்த இரும்புக் கதவு ஆகியவை பொய் சொல்வதில்லை.

ஓடும் நீரில் இன்னொரு பொறி உண்டு. கம்பத்திலோ மரத்திலோ நீர் மோதும் பக்கம் மட்டம் கூடுதலாக எழும். வேகம் விநாடிக்கு 2 மீட்டர் என்றால் 20 செ.மீ., 3 மீட்டர் என்றால் 46 செ.மீ. அளவுக்குப் போகலாம். எனவே நீர் வந்த திசைக்குப் பக்கவாட்டில் உள்ள தடயத்தை எடுங்கள். வேலியில் தொங்கும் பிளாஸ்டிக்கும் வைக்கோலும் எடையால் பிறகு கீழே சரிந்திருக்கலாம். அவற்றைத் துணைச் சான்றாக மட்டும் வையுங்கள்.

ஒரே கட்டடத்தில் குறைந்தது இரண்டு தடயங்கள் வேண்டும். அவை 5 செ.மீ.க்கு மேல் வேறுபட்டால் இரண்டையும் எழுதுங்கள். பிடித்ததை மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒவ்வொரு தடயத்துக்கும் தரம் குறியுங்கள்: 2 செ.மீ.க்குள் நம்பலாம், 5 செ.மீ.க்குள், 10 செ.மீ.க்குள், அதற்கும் மேல். தரம் குறிக்காத அளவு, பிற்காலத்தில் நல்ல அளவுகளையும் கெடுத்துவிடும். குறியிட்ட இடத்தைத் தூரத்திலிருந்து ஒன்று, நடுத்தூரத்தில் ஒன்று, நாடாவோடு நெருக்கமாக ஒன்று என மூன்று படங்கள் எடுங்கள். அறைத் தரையிலிருந்து எவ்வளவு, அந்தத் தரை தெருவிலிருந்து எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். சுற்றியுள்ள மூன்று வீடுகளில் தனித்தனியாகக் கேளுங்கள்: நீர் எந்தப் பக்கமிருந்து நுழைந்தது, உச்சம் எத்தனை மணிக்கு, அலையாக வந்ததா அல்லது கிணறு ஊறுவது போல ஏறியதா? தெருமுனையில் எல்லோரையும் ஒன்றாக நிறுத்திக் கேட்டால் உரத்த குரல் சொல்வதே எல்லோருடைய பதிலாகிவிடும்.

கடல்நீரா மழைநீரா என்பதை முதல் நாளிலேயே பிரித்தறிய வேண்டும். மின்கடத்து அளவி கடல்நீரில் சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 50 மில்லிசீமென்ஸ் காட்டும். மழைவெள்ளத்தில் ஒன்றுக்கும் கீழே நிற்கும். தேங்கிய குட்டைகளில் உடனே அளந்தால்தான் பயன். அடுத்த மழை கலந்துவிட்டால் முடிந்தது. சில நாள் கழித்துப் போகிறவர்கள் மரங்களைப் பார்க்கலாம். உப்புநீர் நின்ற இடத்தில் கீழ்க்கிளைகளும் செடிகளும் கருகியிருக்கும். இந்த வேறுபாடு முக்கியம். கடல் மட்டம் உயர்ந்ததால் வடிகால் வாயில் அடைபட்டு, உள்ளே மழைநீர் தேங்கி மூழ்கிய தெருவுக்குக் கடற்கரைச் சுவர் எந்த உதவியும் செய்யாது. அதற்குத் தேவை, ஒருவழி மதகும் நீரேற்றும் பம்புமே. தடயம் ஒன்றாகத் தெரிந்தாலும் மருந்து வேறு.

அடுத்து உயர அளவை. தரையிலிருந்து எத்தனை அடி என்பது போதாது, நிலையான மட்டக்குறியிலிருந்து, அதாவது உயரம் முன்பே அளந்து பொறித்த குறியிலிருந்து, அளக்க வேண்டும். லெவல் கருவியை வைத்து மட்டக்குறியில் தொடங்கி, தடயங்களைத் தொட்டு, திரும்பவும் மட்டக்குறியில் முடியுங்கள். சுற்றின் நீளம் 4 கிலோமீட்டர் என்றால் முடிவுப் பிழை 24 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். மீறினால் திரும்ப அளக்க வேண்டும். பாலத்துக் கைப்பிடிச்சுவரில் வெட்டிய மட்டக்குறி, பாலம் புதுப்பிக்கப்பட்டபோது நகர்ந்திருக்கலாம். ஆகவே தொடங்கும் முன் குறைந்தது மூன்று மட்டக்குறிகளை ஒன்றோடொன்று சரிபாருங்கள். செயற்கைக்கோள் கருவியால் அளப்பவர்களுக்கு ஒரு சொல்: அந்தக் கருவி நேரடியாகத் தருவது புவியின் கணித வடிவத்திலிருந்து உயரம், கடல்மட்டத்திலிருந்து உயரம் இல்லை. இலங்கைக்குத் தெற்கே இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 100 மீட்டரைத் தாண்டும். இந்த வேறுபாட்டைத் திருத்தும் கணித மாதிரி எது, எந்தப் பதிப்பு என்று எழுதாத உயர எண் பதிவேட்டில் ஏறக் கூடாது.

எந்தச் சுழியிலிருந்து, அதாவது எந்த மட்டத்தைப் பூஜ்யமாக வைத்து, அளந்தோம் என்பதைச் சொல்லாமல் விடுவதுதான் நாங்கள் அதிகம் காணும் குறை. 2012 அக்டோபர் 29 அன்று சாண்டி புயலில் நியூயார்க்கின் பேட்டரி முனையில் நீர் எவ்வளவு ஏறியது? வழக்கமான ஓதத்துக்கு (கடலின் அன்றாட ஏற்ற இறக்கத்துக்கு) மேல் 2.87 மீட்டர். நாள்தோறும் நீர் மிகத் தாழும் மட்டங்களின் சராசரியிலிருந்து 4.29 மீட்டர். நில அளவைச் சுழியிலிருந்து 3.44 மீட்டர். மூன்றும் சரி, மூன்றும் ஒரே நீர். ஒருவர் முதல் எண்ணை எடுத்து, இன்னொருவர் இரண்டாவது எண்ணோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் பிழை விழும். துறைமுகம் பயன்படுத்தும் சுழி கப்பல் வரைபடத்துக்கானது. பொதுப்பணித் துறையின் சுழி வேறு. இவை இரண்டுக்கும் உங்கள் ஊரில் உள்ள வேறுபாடு எத்தனை சென்டிமீட்டர் என்பதை ஒரே ஒரு முறை அளந்து, அலுவலகச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி மாட்டுங்கள். வெனிஸ் நகரம் 1897-இல் நிறுவிய சுழியையே இன்றும் பயன்படுத்துகிறது. 1966 நவம்பர் 4 அன்று ஏறிய 194 செ.மீ.யையும் 2019 நவம்பர் 12 அன்று ஏறிய 187 செ.மீ.யையும் அங்கே ஒரே கோலில் ஒப்பிட முடிகிறது. சுழியைத் தொடாமல் வைத்ததால், இடைப்பட்ட காலத்தில் கடல் உயர்ந்ததும் நிலம் தாழ்ந்ததும் அதே கோலில் தெரிகின்றன.

நிலம் தாழ்வதையும் மறக்க வேண்டாம். நிலத்தடி நீரை உறிஞ்சியதால் டோக்கியோவின் கீழைத் தாழ்நிலங்கள் இருபதாம் நூற்றாண்டில் சில இடங்களில் நாலரை மீட்டர் வரை இறங்கின. கட்டடம் இறங்கும்போது அதில் பதித்த வெள்ளக்குறியும் சேர்ந்து இறங்கும். ஆகையால் குறியில் உயரத்தோடு அதை அளந்த ஆண்டும் இருக்க வேண்டும்.

கருவிகளை நம்பித் தடயம் எடுப்பதை விட்டுவிடாதீர்கள். தேவைப்படும் நேரத்தில்தான் கருவிகள் சாகின்றன. கால்வெஸ்டனில் காற்றுவேகமானி உச்சத்துக்கு முன்பே பறந்துபோனது. சாண்டி புயலில் நியூஜெர்சிக் கரையின் சாண்டி ஹூக் என்ற இடத்துக் கடல்மட்ட அளவி உச்சத்துக்கு முன்பே நின்றது. பழைய உருளைத்தாள் கருவிகளில் எழுதுகோல் தாளின் விளிம்பைத் தொட்டதும் கோடு தட்டையாக ஓடும். அதை உச்ச மட்டம் என்று படித்தவர்கள் உண்டு. அளவியைச் சுற்றி அலையைத் தணிக்கும் அமைதிக் கிணற்றின் அடித்துளையைச் சேறு அடைத்தால் உள்ளே நீர் தாமதமாக ஏறி, உச்சத்தைத் தொடாமலே இறங்கிவிடும். மின்கலமும் பதிவுப்பெட்டியும் உங்கள் ஊரின் பழைய உச்ச மட்டத்தைவிட இரண்டு மீட்டராவது மேலே இருக்க வேண்டும். அந்த உச்சம் எவ்வளவு என்பதற்குத்தான் பதிவேடு வேண்டும் என்கிறோம். கத்ரீனா புயலில் 2005-இல் மிசிசிப்பிக் கரையின் பாஸ் கிறிஸ்டியனில் பதிவான 8.5 மீட்டர், நீர் வடிந்த பிறகு தடயத்தை அளந்து கிடைத்த எண்தான்.

இப்போது பழைய ஆவணங்கள். துறைமுகக் குறிப்பேடு, கலங்கரை விளக்கப் பதிவு, ரயில் பொறியாளர்களின் சேத அறிக்கை, வரி தள்ளுபடி கேட்டு வந்த மனுக்கள், வழிபாட்டுத் தலங்களின் கல்வெட்டுகள், பழைய புகைப்படங்கள் எல்லாம் பயன்படும். புகைப்படத்தில் செங்கல் வரிசையை எண்ணலாம், படிகளை எண்ணலாம். "மூன்றாம் படி வரை நீர் வந்தது" என்று மனு சொன்னால் அந்தப் படி இன்றும் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். ஆனால் சாலையிலிருந்து அளக்காதீர்கள். சுரண்டாமல் ஒவ்வொரு முறை தார் போடும்போதும் சாலை நாலைந்து சென்டிமீட்டர் ஏறுகிறது. ஐம்பது ஆண்டுகளில் அது அரை மீட்டராகிவிடும். முதலில் இரண்டு படி தெருவில் புதைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

தேதியும் நேரமும் ஏமாற்றும். கல்கத்தாவைத் தாக்கிய 1737-ஆம் ஆண்டுப் புயல் பழைய ஆங்கிலக் கணக்கில் செப்டம்பர் 30, இன்றைய நாட்காட்டியில் அக்டோபர் 11. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் 4.21 மீட்டர் ஏறிய 1824 வெள்ளத்தின் குறிகளில் நவம்பர் 7 என்று இருக்கும். நமக்கு அது நவம்பர் 19. பதினொரு பன்னிரண்டு நாள் பிசகினால் பௌர்ணமி ஓதம் இருந்ததா என்ற கணக்கே தலைகீழாகிவிடும். மணியும் அப்படித்தான். பொதுநேரம் வருவதற்கு முன் கல்கத்தா கடிகாரத்துக்கும் சென்னைக் கடிகாரத்துக்கும் 32 நிமிட வேறுபாடு இருந்தது.

அழுத்தமானி எண்களையும் அப்படியே நகலெடுக்கக் கூடாது. 28.00 அங்குலம் பாதரசம் என்றால், இன்றைய காற்றழுத்த அலகில் 948 ஹெக்டோபாஸ்கல். ஆனால் 30 டிகிரி வெப்பத்தில் பாதரசம் விரிவதால் திருத்தாத எண் ஏறத்தாழ 5 ஹெக்டோபாஸ்கல் கூடுதலாகக் காட்டும். நிலநடுக்கோட்டுப் பக்கம் ஈர்ப்பு குறைவாக இருப்பதால் இன்னும் இரண்டரை கூடும். கருவி 25 மீட்டர் உயரக் கோபுரத்தில் இருந்தால் மூன்று குறையும். குறிப்பேட்டில் "திருத்தியது" என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் திருத்தியும் திருத்தாமலும் இரண்டு எண்களையும் எழுதுங்கள். காற்றின் வேகம் இதைவிட மோசம். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கிண்ணக் காற்றுமானிகள் காற்று கிண்ணத்தைப் போல மூன்று மடங்கு வேகத்தில் ஓடுகிறது என்ற தவறான கணக்கில் அளவிடப்பட்டவை. பெருங்காற்றில் அவை கூடுதலாகவே காட்டின. இன்றும் ஒரு நாடு ஒரு நிமிடச் சராசரியைச் சொல்கிறது, இந்தியா மூன்று நிமிடம், உலக வானிலை அமைப்பு பத்து நிமிடம். எத்தனை நிமிடச் சராசரி, தரையிலிருந்து எத்தனை மீட்டரில் என்ற இரண்டும் இல்லாத வேக எண் பாதி எண்தான். அதைவிட, விழுந்த மரங்களின் திசை நல்ல சான்று. 1821 புயலுக்குப் பிறகு கனெடிகட்டில் ஓரிடத்தில் ஒரு பக்கமும் சற்றுத் தள்ளி எதிர்ப்பக்கமும் மரங்கள் சாய்ந்திருந்ததைப் பார்த்துத்தான், புயல் ஒரு பெருஞ்சுழல் என்று வில்லியம் ரெட்ஃபீல்ட் நிறுவினார். மரங்களை வெட்டி அகற்றும் முன் சாய்ந்த திசையைத் திசைகாட்டியால் குறிக்க ஒரு மரத்துக்கு அரை நிமிடம் ஆகும்.

இறப்பு எண்ணிக்கையைப் பற்றியும் ஒன்று. 1737 கல்கத்தாப் புயலில் மூன்று லட்சம் பேர் இறந்ததாக நூற்றாண்டுகளாக எழுதப்பட்டுவந்தது. அன்றைய கல்கத்தாவின் மக்கள்தொகையே அந்த எண்ணின் சிறு பகுதிதான். 1994-இல் புவியியற்பியலாளர் ரோஜர் பில்ஹாம் மூல ஆவணங்களைத் தேடிப் பார்த்தபோது, கிழக்கிந்தியக் கம்பெனியின் பதிவில் இருந்தது ஏறத்தாழ 3,000. மூன்றாயிரம் உயிர் சிறிய எண்ணா? நூறு மடங்கு ஊதிய எண் உண்மையை மூடிவிடுகிறது. ஊதியது வெளிப்பட்ட நாளில், கேட்பவர் முழு நிகழ்வையும் கதை என்று ஒதுக்கிவிடுகிறார். எனவே பதிவேட்டில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில், அது நேரில் கண்டவர் எழுதியதா, கேள்விப்பட்டவர் எழுதியதா, எத்தனை ஆண்டு கழித்து எழுதியது என்று மூன்றையும் குறியுங்கள்.

பழைய குறியே உச்ச எல்லை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இதை அழுத்திச் சொல்கிறோம், ஏனென்றால் பதிவேடு இருக்கும் ஊர்களிலும் ஆட்கள் இறப்பது இந்தத் தவறால்தான். மிசிசிப்பிக் கரையில் 1969-இல் வந்த கமில் புயல், காற்றில் மிகக் கடுமையான வகை. நீர் ஏழு மீட்டருக்குச் சற்று மேல் ஏறியது. அதில் தப்பிய வீடு எதிலும் தப்பும் என்று நம்பிப் பலர் 2005-இல் வீட்டிலேயே இருந்தனர். கத்ரீனா கரை தொட்டபோது காற்று கமிலைவிடக் குறைவு, ஆனால் புயலின் உடல் மிகப் பெரியது. நீர் அதைவிட உயர்ந்தது. மைய அழுத்தம் 60 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல் ஏறுவது 60 செ.மீ. மட்டும். மீதியெல்லாம் காற்று ஆழமில்லாத கடலில் நீரைத் தள்ளிக் குவிப்பது. அது காற்றுவேகத்தின் வர்க்கத்தோடு கூடும், ஆழம் குறையக் குறையக் கூடும், புயலின் அகலத்தோடும் கரையின் வளைவோடும் மாறும். அதோடு ஓதம் சேர வேண்டும். நியூயார்க்கை 1821-இல் தாக்கிய புயல் ஓதம் தாழ்ந்திருந்த வற்றத்தின்போது வந்தது; அதனால் தப்பித்தது நகரம். அந்த ஆண்டின் வெறும் நீர்மட்டத்தை மட்டும் எழுதினால் சிறிய புயலாகத் தெரியும். ஆகவே இரண்டு பத்திகள் வேண்டும்: ஏறிய மொத்த மட்டம், அந்த நேரத்து ஓதத்தைக் கழித்த எழுச்சி. பிறகு அந்த எழுச்சியை உங்கள் ஊரின் உச்ச ஓதத்தோடு கூட்டிப் பாருங்கள். கடல் கடந்த நூற்றாண்டில் உலகச் சராசரியாக ஏறிய 20 செ.மீ.யையும் சேருங்கள்.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் இரண்டு பக்கமும் கற்றுத்தருகிறது. 1825-இல் அங்கே நீர் 5.24 மீட்டர் ஏறியது. தடுப்புக் கரைகள் அந்த நினைவை ஒட்டியே நின்றன. 1962 பிப்ரவரி 16 இரவில் 5.70 மீட்டர் ஏறியது. 315 பேர் இறந்தனர், பலர் வில்ஹெல்ம்ஸ்பர்க் தாழ்நிலத்தில் தற்காலிகக் குடில்களில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள். அதற்குப் பிறகு கரைகளை உயர்த்தினார்கள். 1976 ஜனவரி 3 அன்று 6.45 மீட்டர், முக்கால் மீட்டர் கூடுதலாக ஏறியபோது நகரம் தாங்கியது.

"நூறாண்டு வெள்ளம்" என்ற சொல்லை அறிவிப்புகளிலிருந்து எடுத்துவிடுங்கள். அது ஆண்டுக்கு நூற்றில் ஒரு வாய்ப்பு. முப்பது ஆண்டு வீட்டுக்கடன் கட்டி முடிப்பதற்குள் அது ஒருமுறையாவது வருவதற்கான வாய்ப்பு 26 சதவீதம். மக்களிடம் இந்த எண்ணைச் சொல்லுங்கள்.

சொல் விஷயத்தில் பிலிப்பைன்ஸின் டாக்லோபன் நகரம் மறக்கக் கூடாதது. 2013 நவம்பரில் ஹையான் புயல் வருவதற்கு முன் ஏழு மீட்டர் வரை கடல் எழுச்சி வரலாம் என்று எச்சரிக்கை போனது. 'ஸ்டார்ம் சர்ஜ்' என்ற சொல் பலருக்குப் புரியவில்லை. முகாமாக ஒதுக்கிய கட்டடங்கள் சிலவற்றிலும் நீர் புகுந்தது. அதே கரையை 1897-இல் ஒரு புயலும் கடலும் தாக்கியதை மணிலா வானிலை ஆய்வகத்தின் ஹோசே அல்குவே பாதிரியார் பதிவு செய்திருந்தார். அந்த நீர் எட்டிய மட்டத்தில் தெருத்தெருவாகக் கோடு இருந்திருந்தால், ஏழு மீட்டர் என்பது கண்ணுக்குத் தெரிந்திருக்கும். முகாம் கட்டடங்களின் தரை மட்டத்தைப் பதிவேட்டோடு ஒப்பிடும் வேலையை வேறெதற்கும் முன் செய்யுங்கள் என்று கேட்பது இதனால்தான்.

வெள்ளக்குறிகளைப் பொதுக் கட்டடங்களில் தொடங்குங்கள்: பள்ளி, வார்டு அலுவலகம், பேருந்து நிலையம், மருத்துவமனை. தனியார் சுவரில் வைத்தால் நிலவிலை குறையும் என்ற அச்சத்தில் அடுத்த பெயிண்ட்டில் மறைந்துவிடும். கிரானைட்டிலோ துருப்பிடிக்காத எஃகிலோ ஒரே நேர்க்கோடு வெட்டுங்கள். பலகையின் மேல் விளிம்பா கீழ் விளிம்பா என்று யாரும் யோசிக்க நேரக் கூடாது. தேதி, உச்ச நேரம், சுழியிலிருந்து உயரம், அளந்த ஆண்டு நான்கும் பொறித்திருக்க வேண்டும். இங்கிலாந்தின் கிங்ஸ் லின் நகரில் தேவாலய வாசற்கல்லில் 1953, 1978, 2013 வெள்ளங்களின் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளன. வருகிறவர் தம் உயரத்தோடு ஒப்பிட்டுவிட்டு உள்ளே போகிறார்.

அடுத்த புயல் காலம் தொடங்கும் முன் இந்த மடலுக்குப் பதிலாக நாங்கள் எதிர்பார்ப்பது நான்கு தாள்கள். நீர்மட்டத் தடயம் எடுக்கும் பொறுப்பு எந்தப் பதவியில் இருப்பவருக்கு என்ற ஆணை. சரிபார்த்த மட்டக்குறிகளின் பட்டியல். துறைமுகச் சுழிக்கும் நிலச் சுழிக்கும் உள்ள வேறுபாடு. ஒவ்வொரு புயல் முகாமின் தரை மட்டமும், அதற்கு அருகே பதிவான மிக உயர்ந்த நீர்மட்டமும். நான்காவது தாளில் தரை, நீரைவிடத் தாழ்வாக இருக்கும் முகாம்களைச் சிவப்பில் எழுதுங்கள். அவற்றின் சாவிகளை இந்த ஆண்டு யாரிடமும் கொடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
கடலோர நில அளவையிலும் பழைய வானிலைப் பதிவுகளிலும் பணிபுரிவோர்